பருக்காத மரம்

"நட்டு மூணு மாசமாச்சு, இவ்ளோதான் வளரும்" என்று பெருமையாகச் சொன்னாள் ஒரு பெண். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த ஆராய்ச்சி மாணவி. அவள் மடியில் ஒரு சின்னத் தொட்டி, அதில் விரல் உயரச் செடி. அவள் பக்கத்தில் தறி நெய்யும் அம்மா ஒருவர்.

"தண்ணி ஊத்தலியாம்மா?"

"ஊத்தறேன்க்கா. செல் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சாத்தான் செடி வளரும். அதுக்கு பிரேக் போடற ஜீனை இதுல அதிகமாக்கிட்டோம்."

"எங்க தெரு வேப்பமரத்துக்கும் போடேன். அந்த மரத்துக்கும் எதிர்க் கம்பத்துக்கும் நடுவுலதான் பாவு நூலை, தறியில நீளவாக்குல போற நூலை, நீட்டிக் கட்டுவோம். கம்பம் அப்படியே இருக்குது, மரம் பருத்துக்கினே வருது. நடுவுல எடம் கொறஞ்சி எம் பாவு கொறையுது. நூல் குடுத்த மொதலாளி என்னை நூல் திருடின்றாரு."

"வளர்ந்த மரத்துக்குப் போட முடியாதுக்கா. முளைக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும்."

அந்த அம்மா தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இதையே குடு. இதுல கட்டிக்கிறேன்."

"ஐயோ, நூலை இழுத்தா வேரோட வந்துடும்க்கா!"

"வரட்டுமே. தள்ளித் தள்ளி வெச்சிக் கட்டினா பாவு நீளமாயிடுமில்ல?"