பெயிண்ட் காயாத சுவர்

உப்புக் காற்று அடிக்கும் ஊரில் சுவருக்கு எத்தனை கோட்டிங் அடித்தாலும் நிற்காது சார். இது மாமல்லபுரத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் ஹால் சுவர் மட்டும் ஊர் வாயில் விழுந்ததற்குக் காரணம், என் மனைவி ஜாக்குலினின் அண்ணன் கிருபாகரன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் ஆள் வைக்காமல் நானே செய்தேன். ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கிறவன் என்றாலும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் அறிவு எனக்கு உண்டு. பழைய பூச்சைக் கொத்தியபோது கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. பொதுச்சுவர் என்பதால் பக்கத்து வீட்டுப் பார்வதம் அக்காவின் சமையலறை தெரிந்தது. அவர் கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையை அடைக்க மணல் போதவில்லை. கடற்கரை பக்கத்தில்தானே என்று கோணியில் அள்ளி வந்து பூசினேன். ஒரே வாரத்தில் சுவர் முழுக்க உப்புப் பூத்து, விரல் வைத்த இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

மச்சான் செங்கல்பட்டில் கட்டட சூப்பர்வைசர். யார் எதை மாட்டினாலும் பிடித்து இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார். "இன்னா மாப்ள, செவுர உப்புக்கண்டம் போட்டு வெச்சிகீற?" என்றார். அதுவரை பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கைப் பிடித்து, என் சுவர் கதையை முழுசாகச் சொல்லி, தனக்கு இப்படி ஒரு கையைக் கொடுக்காத ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். சபையே சிரித்தது. என் மகள் சிநேகா சிரித்தாள். ஜாக்குலின் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுபடியும் கொத்தி, நல்ல மணல் வாங்கிப் பூசி, பெயிண்ட் அடித்தேன். ஷெல்ஃபுக்கு இரும்பு ஆங்கிள் மாட்டத் துளை போட்டபோது உள்ளே ஓடும் ஒயரில் பட்டுவிட்டது. ஆங்கிளைத் தொட்டதும் கையை உதறியது. டெஸ்டர் வைத்தேன், எரிந்தது. உடனே மெயினை அணைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை. ஜாக்குலினிடமும் சிநேகாவிடமும், பெயிண்ட் காயவில்லை, அந்தச் சுவர் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பிறகு போன் செய்தேன். எலக்ட்ரீஷியனுக்கு இல்லை, மச்சானுக்கு. "வேலை முடிஞ்சிது மச்சான், வந்து பாருங்க."

அவர் வருவதற்குள் தரையைத் துடைத்தேன். விருந்தாளி வரும்போது வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? ஃபேன் இல்லாவிட்டால் அவருக்கு வியர்க்கும் என்று மெயினைப் போட்டேன். அவர் செருப்பை வாசலில் விட்டு, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். வீட்டுக்குள் செருப்பு போடும் பழக்கம் எனக்கு அன்றுதான் ஆரம்பித்தது.

சுவரை மேலும் கீழும் பார்த்தார். "பரவால்லியே மாப்ள, நல்லாத்தான் கீது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இது வெயிட்டு தாங்குமா?" என்று ஆங்கிளைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர். எதையும் தானே தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார்.

கை ஆங்கிளோடு ஒட்டிக்கொண்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த ஜாக்குலின், "மெயின ஆஃப் பண்ணுங்க, எங்கண்ணன்ங்க" என்று அலறினாள். மெயின் வாசல் பக்கம் இருக்கிறது.

அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன் என்று ஜாக்குலின் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. தரை ஈரமாக இருந்தது சார். ஓடினால் வழுக்கி விழுந்து எனக்கு ஏதாவது ஆகியிருக்கும்.