அரிசியில் காய்ந்த பெட்டி

இன்று காலை பொழியூரிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க இரண்டு தோழிகள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஷைனியின் மடியில் ஒரு மரப்பெட்டி.

“கம்ப்யூட்டருக்க பெட்டிய மூணு நாளு அரிசிக்குள்ள போட்டு வச்சிருந்தேன்” என்றாள் ஷைனி.

“பிறவு வடிச்சியா?” என்றாள் லதா.

“கேளு மக்கா. பலகைய நெய்யாற்றின்கரையில லேசர்ல வெட்டினேன். அங்க வச்சு பாக்கும்போ பலகை ஓரத்து பல்லு எல்லாம் குழியில சரியா இறங்கிச்சு. வீட்டுக்கு கொண்டு வந்தா, கடல்காத்து ஈரத்துல பலகை ஊதி ஒண்ணும் ஏறேல்ல.”

“அரத்தால ராவி எடுத்திருக்கலாமே.”

“ராவினா காஞ்ச பிறவு ஆடும். நனைஞ்ச செல்போன அரிசியில போடுவோம்லா, அதுபோல போட்டேன். காஞ்ச உடனே பூட்டி வார்னிஷ் அடிச்சேன். பசை ஒரு துளி வைக்கேல்ல.”

“உள்ள உள்ள கம்ப்யூட்டர் ஓடுமா?”

“ஓடும். எல்லாம் நானே பூட்டினதாக்கும். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரு, நீயே செய்த ஒண்ணு கொண்டு வா, பாத்துட்டு வேலை தாறேன்னு சொன்னாரு.”

லதா பெட்டியின் நான்கு மூலைகளிலும் நகத்தை வைத்துப் பார்த்தாள். எங்கும் நுழையவில்லை.

“இதுக்கு மேல அவருக்கு என்ன வேணும்?” என்றாள்.

அமரவிளையில் மழை பிடித்தது. லதா எழுந்து, குறுக்கே எட்டி ஷட்டரை இறக்கினாள்.

“வார்னிஷ் உண்டு மக்கா, ஒண்ணும் ஆகாது.”

“முதல்ல வேலை கிட்டட்டு. பிறவு நனையலாம்.”