பட்டியலில் எங்கள் தெரு

உங்கள் திட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை சார். முப்பது வருடம் புள்ளிவிவரங்களோடு உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன்.

கரமனையில் எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் மூன்று சங்கிலிப் பறிப்பு நடந்தது. மூன்றாவது என் மனைவி ஜெயலக்ஷ்மியுடையது. கழுத்தில் ஏழு தையல். அதற்குப் பிறகு அவள் வாசல்படி தாண்டவில்லை. குற்றம் மிகுந்த இடங்களின் பட்டியலில் எங்கள் தெருவைச் சேர்த்து, காலையும் மாலையும் கால் மணி நேரம் கான்ஸ்டபிள் ஓமனாவை நிறுத்தினீர்கள். பறிப்பு அடியோடு நின்றது. ஜெயா மறுபடி கோயிலுக்குப் போனாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான்காவது மாதம் ஓமனா தன் மலையாளத் தமிழில் சொல்லிக்கொள்ள வந்தாள்.

"மூணு மாசமா இங்க ஒரு சம்பவமும் இல்லியல்லோ சாரே. லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சு. நாளை தொட்டு சாலைக் கடைத்தெருவுல ட்யூட்டி."

"நீ நிக்கறதாலதானேம்மா சம்பவம் இல்லே?"

"செரிதான். கம்ப்யூட்டருக்கு அது அறியாதே."

ஆக, தெருவுக்குச் சம்பவம் தேவைப்பட்டது. இரண்டு வீட்டுப் பூட்டை உடைத்தேன். தெருச் சங்கச் செயலாளர் என்ற முறையில் புகாரும் நானே எழுதிக் கொடுத்தேன். யாருக்காவது காயம் பட்டால்தான் பட்டியலில் ஏறும் என்றார் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர். அதற்குள் ஜெயா பகலிலேயே கதவைத் தாழிட ஆரம்பித்திருந்தாள்.

எதிர்வீட்டு சாவித்ரி மாமி தனியாக இருந்தவர். ஜெயாவுக்கு அவர்மேல் உயிர். கோயிலிலிருந்து அவர் திரும்பும்போது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். படியில் விழுந்தார். லேசான காயம்தான், அத்தோடு போயிருப்பேன். ஆனால் என் மோதிரத்தைப் பார்த்துவிட்டார்.

"வெங்கிடேஷ், நோக்கு என்னடா ஆச்சு?"

பரிவாகத்தான் கேட்டார். அதுதான் சங்கடமாகப் போயிற்று. நான் மாட்டிக்கொண்டால் அது சம்பவமாகவே நிற்காது. தலையைப் பிடித்து அதே படியில் இரண்டு முறை மோதினேன். மூன்றாவது தேவைப்படவில்லை.

மறுநாளே உங்கள் ரோந்து ஜீப் தெருவில் வந்து நின்றது. ஆள் பிடிபடாத கொலை என்பதால் பட்டியலிலிருந்தும் எடுக்கவில்லை. பதினோரு மாதமாகத் தெரு அமைதியாக இருக்கிறது.

மாமியின் சங்கிலியை என் அலமாரியில் பார்த்து, ஜெயாவே இங்கே கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னீர்கள். ஸ்டேஷன்வரை தனியாக நடந்து வந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஒரே வேண்டுகோள் சார். ஆள் பிடிபட்டான் என்று ஜீப்பை எடுத்துவிடாதீர்கள். நான் இல்லாத வீட்டில் அவள் பயப்படுவாள்.