ஒன்பது நாள் நேர்கோடு

— அண்ணி, அந்த பூட்ஸைக் கழட்டுங்க. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க.

— இப்பதான் மல்லுக்கட்டி மாட்டினேன். வாசல்ல ஜீப் நிக்குது, டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சிட்டார். குளத்துக்குப் போய் துரையோட உடம்பை எடுத்துக்கிட்டு மதியத்துக்குள்ள திரும்பணும். சொல்றதைச் சொல்லு, நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— துரை செத்துட்டான்னு யார் சொன்னது?

— நீதான் தம்பி சொன்னே. நீயும் உன் ரேடியோப் பெட்டியும். அவன் முதுகுல கட்டிவிட்ட டிரான்ஸ்மிட்டர் ஒன்பது நாளா ஒரே இடத்துலேர்ந்து கத்துது, திரையில கோடு ஆடலை அசையலைன்னு காட்டினே. அதை நம்பித்தான் எங்க ஆபீஸ் பெரியவருக்கு எழுதினேன். ‘இறந்ததுன்னு படிவத்துல போட்டு அனுப்பிடும்மா’ன்னுட்டார். நாலு வருஷமா பார்த்த பறவை. இன்னும் எழுதலை நான். கை வரலை.

— நல்ல வேளை. அந்தக் கோடு பொய், அண்ணி.

— என்னது?

— கோபப்பட மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்.

— கோபப்படுவேன். சொல்லு.

— பாருங்க, இந்தத் தகரக் கூரை காய்ஞ்சா நம்ம பெட்டிக்கு மண்டை சூடாகிடும். காலையில டயல்ல ஒரு இடத்துல கேட்ட சிக்னல், மதியம் பக்கத்துக்கு நகர்ந்த மாதிரி காட்டும். சிக்னல் நகரலை. பெட்டிதான் தடுமாறுது.

— அதைத்தான் போன வாரமே சரி பண்ணிட்டேன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டியே.

— சரி பண்ணலை. மூடி மறைச்சேன். சிக்னல் எங்க நகர்ந்தாலும் பின்னாலயே ஓடிப் பிடிச்சு, நடுவுல கொண்டாந்து நிறுத்துற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். கோடு அழகா நேரா வந்துச்சு.

— வந்துச்சே. அப்புறம் என்ன?

— அது எதைக் கொடுத்தாலும் நேராத்தான் வரும், அண்ணி! சிக்னலே இல்லைன்னாலும் கடைசியா கேட்ட இடத்துலயே கோடு போட்டுக்கிட்டே போகும். திங்கக்கிழமை ஆன்டெனா ஒயரைக் கழட்டித் துடைச்சு வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தா, துரை ஜம்முனு திரையில இருக்கான்.

— அட கடவுளே! ஒயரே இல்லாமலா?

— ஒயரே இல்லாம.

— உங்க அண்ணனும் போன்ல இப்படித்தான். ‘ம்… ம்…’னு கேட்டுக்கிட்டே இருப்பார். நான் பேச்சை நிறுத்தி ரொம்ப நேரமாகியிருக்கும், அந்தப் பக்கம் ‘ம்’ மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். குடும்ப வியாதி உங்களுக்கு. திங்கக்கிழமை தெரிஞ்சதை ஏன் வெள்ளிக்கிழமை சொல்றே?

— திட்டுவீங்கன்னுதான். சரி பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

— நல்லா இருக்கு! சரி, பண்ணிட்டியா?

— பண்ணிட்டேன். பெட்டி மேல ஒரு வெப்பமானியை ஒட்டினேன். டயல்ல இடம் மாறவே மாறாத ஒரு ரேடியோ ஸ்டேஷனைக் கேட்டு, எத்தனை டிகிரியில பெட்டி எவ்வளவு தடுமாறுதுன்னு பட்டியல் போட்டேன். இப்ப அந்தத் தடுமாற்றத்தை மட்டும் கழிக்குது. துரையோட சிக்னலைத் தொடுறதில்லை. இதுதான் நேத்து முழுக்க வந்த கோடு. பாருங்க.

— ஏன் தம்பி, அதுவும் நேர்கோடு, இதுவும் நேர்கோடு. இதுக்கா நாலு நாள்?

— அவசரப்படாதீங்க. கீழ பாருங்க, இன்னொரு கோடு இருக்கா? அது வாசல் மண்ணுல நான் போட்டு வச்ச டிரான்ஸ்மிட்டர். துரைக்குக் கட்டின அதே வகை.

— இது என்ன, மேடும் பள்ளமுமா போகுது?

— வெயில்ல சூடாகி, ராத்திரி குளிர்ந்து போச்சு. பெட்டி மாதிரிதான், டிரான்ஸ்மிட்டருக்கும் சூடு ஏறினா சிக்னல் நகரும். சும்மா தரையில கிடந்தா துரையோடதும் இப்படித்தான் ஆடணும். ஆடலை. வெயிலும் அண்டலை, பனியும் அண்டலை.

— இரு இரு. அப்படின்னா…

— உடம்புச் சூட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு.

— எதோட உடம்பு? ஒரு நரி முழுங்கியிருந்தா? அதோட வயித்துலயும் சூடு ஒரே மாதிரிதான் இருக்கும். என்னை ஆசை காட்டி மோசம் பண்ணாதே, தம்பி.

— நரி பகல் ராத்திரின்னு நாள் முழுக்க ஒரே இடத்துல படுத்திருக்குமா?

— படுக்காது.

— டிரைவர் மறுபடியும் அடிக்கறார்.

— அடிக்கட்டும். கோட்டுல இங்க ஒரு இடத்துல அறுந்திருக்கே, அது என்ன? உன் வேலையா?

— என் வேலை இல்லை. அங்க சிக்னலே இல்லை. பழைய புரோகிராமா இருந்தா இதையும் கோடு போட்டு அடைச்சிருக்கும்.

— எத்தனை மணிக்கு?

— விடியும்போது ஒரு முக்கால் மணி நேரம். சாயங்காலம் இங்க, அதே மாதிரி. ஆன்டெனாவுக்கு எட்டாத இடத்துக்குப் போய்ட்டுத் திரும்பி வருது.

— அதே இடத்துக்கா?

— அச்சு அசலா அதே இடத்துக்கு. செத்தது போய் வருமா, அண்ணி? உயிரோட இருக்கான் உங்க துரை! என்ன, கண்ணைத் துடைக்கறீங்க?

— சும்மா இரு. இந்த பூட்ஸைப் பிடிச்சு இழு. இன்னும் இழு, கால் வந்தாலும் பரவாயில்லை. வந்துடுச்சா? இப்ப ஓடிப்போய் டிரைவர்கிட்ட வண்டியைத் திருப்பச் சொல்லு. ஒரு மாசத்துக்கு ஒருத்தரும் அந்தக் குளத்து நாணல் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு சொல்லு.

— என்ன அண்ணி இது? உயிரோட இருந்தா இன்னும் வசதிதானே? ஜீப் இருக்கு, கேமரா இருக்கு. தூர நின்னு ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு…

— மூச்! இன்னும் பத்து நிமிஷத்துல நான் அந்த நாணலுக்குள்ள இறங்கியிருப்பேன். நீ மட்டும் வாயைத் திறக்காம இருந்திருந்தா, எல்லாத்தையும் நானே போய்க் கெடுத்திருப்பேன்.

— எதைக் கெடுத்திருப்பீங்க? எனக்கு ரேடியோதான் தெரியும், பறவை தெரியாது. புரியற மாதிரி சொல்லுங்க.

— முதல்ல அந்தப் படிவத்தை எடு. ‘நிலை’ன்னு இருக்கே, அங்க ‘உயிருடன் உள்ளது’ன்னு எழுது. பெருசா எழுது.

— எழுதிட்டேன். கீழ ‘எண்ணிக்கை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒன்னுன்னு போட்டுடவா?

— போடாதே, அது காலியா இருக்கட்டும். இந்தப் பறவையில ஆண்தான் அடைகாக்கும்; துரை முட்டை மேல உக்காந்திருக்கான். பொரிஞ்சதும் எண்ணிப் போட்டுக்கலாம்.