ஏழும் எட்டும் எழுபத்தெட்டு

1. மலேசியாவில், அலோர்ஸ்டார் நகருக்குப் போகும் பஸ் ஜித்ராவில் நின்றது.
2. ஃபேக்டரி சட்டை போட்ட இரண்டு பெண்கள் ஏறி, எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.
3. இளையவள் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ஏழும் எட்டும் எவ்வளவுன்னு கேட்டா எழுபத்தெட்டுன்னு சொல்லுது அக்கா! இதையா ஸ்கூல்ல படிக்கச் சொல்றாங்க?"

"யாரு சொன்னது, உன் மகளா?"

"ஐயோ, அவ இல்லலா. அவ எழுதின கம்ப்யூட்டர் புரோகிராம். சனிக்கிழமை ஸ்கூல்ல அந்த கிளாஸ் வெக்கிறாங்க. அதே நேரம்தான் கணக்கு டியூஷன். கூட்டல் வருது, வாய்ப்பாடு இன்னும் தடுமாறுது. இதுல கம்ப்யூட்டர் எதுக்கு? நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"எழுபத்தெட்டுன்னு வந்ததும் பிள்ள என்ன செஞ்சா?"

"சிரிச்சா. 'தப்பும்மா, பதினஞ்சு வரணும். கூட்டாம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கு'ன்னு சொல்லி அவளே திருத்திட்டா."

"எங்க வீட்டுக்காரர் மாதிரிதான்லா. சொன்னத மட்டும் செய்யும்." அக்கா சிரித்தாள். "கணக்கு தெரியலன்னா எழுபத்தெட்ட நம்பியிருப்பா. கம்ப்யூட்டர் தெரியலன்னா திருத்தியிருக்க மாட்டா. நீ எத நிறுத்தப் போற?"

"நீ ஒருத்தி, கேள்வி கேட்டே ஆளக் கொல்ற."

இளையவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். டியூஷன் டீச்சருக்குக் குரல் செய்தி அனுப்ப அதை வாயருகே கொண்டுபோனாள்.

"டீச்சர், சனிக்கிழமை டியூஷன வெள்ளிக்கிழமைக்கு மாத்த முடியுமா? பிள்ளைக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் இருக்கு."

நான் இறங்கும்வரை டியூஷன் டீச்சரிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கிளாஸை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது.