கம்பளிக்கு முடி முளைச்சாச்சு

மாப்பிள்ளை: ...நான் சரியாத்தானே சீவுறேன்!

மகள்: எங்க சரி? வால்லேருந்து கழுத்துக்குச் சீவிட்டிருக்கீங்க. நாய் டாக்டர் என்ன சொன்னார்? கழுத்துல ஆரம்பிச்சு வாலுக்குப் போகணும்.

மாப்பிள்ளை: எதிர்ப்பக்கம் சீவினாத்தான் புசுபுசுன்னு தூக்கி நிக்குது. உங்கம்மா அனுப்பின கம்பளி போட்டோல அப்படித்தானே இருக்கு?

மகள்: நிக்கும், நிக்கும். அப்பா ஒரு தடவு தடவினா அத்தனையும் கையோட வந்துடும். இப்பவே வீட்ல நாயை விட முடிதான் அதிகம். காலையில காபியில ஒண்ணு கிடந்துச்சு.

மாப்பிள்ளை: அது என் முடியா இருக்கும்.

மகள்: உங்களுக்கு ஏது?

மாப்பிள்ளை: சரி சரி, கழுத்துலேருந்தே சீவறேன்.

மகள்: சாப்பாட்டுல மீன் எண்ணெய் ஊத்தினீங்களா?

மாப்பிள்ளை: ஊத்தினேன். முட்டையும் போட்டேன். என் தட்டுல முட்டை இல்ல, இதுக்கு மட்டும்...

மகள்: டாக்டர் அதுக்குத்தான் எழுதிக் குடுத்தார். அதுக்குப் பளபளப்பு வரணும். உங்க தலைக்கு ஏற்கெனவே இருக்கு.

மாப்பிள்ளை: என் தலையை விடவே மாட்டியா நீ? ஆனா ஒண்ணு... புது முடி நல்லா சந்தன நிறத்துல வருது பாரேன். முதல்ல இருந்த நாய்க்கு...

மகள்: ஷ்ஷ்!

மாப்பிள்ளை: இங்க யார் இருக்கா?

மகள்: அது இருக்குல்ல!

மாப்பிள்ளை: அதுக்குத் தெரியாதா, தான் வேற நாய்னு?

மகள்: முதல்ல இருந்த நாய்னு ஒண்ணு கிடையாது. இந்த வீட்ல ஒரே நாய். பேரு கம்பளி. எங்க அம்மாவோட கம்பளி. மனசுக்குள்ளயும் அப்படியே நினைச்சுப் பழகுங்க. இல்லேன்னா அப்பா முன்னாடி உளறிக் கொட்டிடுவீங்க.

மாப்பிள்ளை: கேட்டைத் திறந்து போட்டது நீ. நினைப்பை மாத்திக்க வேண்டியது நானா?

மகள்: தண்ணி கேன் போட வந்தவர் திறந்து போட்டார்!

மாப்பிள்ளை: யார் திறந்தா என்ன? திரும்பிக்கூடப் பார்க்காம ஓடிச்சே அது. நானும் ஒத்தைச் செருப்போட மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி போய்க்கிட்டே இருந்துச்சு.

மகள்: இப்ப அது எதுக்கு? கம்பளியைக் கூட்டிட்டுப் போக அப்பா பஸ் ஏறிட்டார். எங்க அண்ணன் வீட்லேருந்து அம்மா நாளைக்கு வர்றாங்க. பேத்தியைப் பார்க்கப் போனவங்க... பேத்தி எப்படி இருக்கான்னு கேட்டா, கம்பளி சாப்பிட்டானாங்கறாங்க. அவனைக் காணோம்னு தெரிஞ்சா அப்பாகிட்ட மறுபடி பேசவே மாட்டாங்க.

மாப்பிள்ளை: அப்ப அவரே வெச்சுப் பார்த்திருக்கலாமே? எதுக்கு நம்ம தலையில கட்டினார்?

மகள்: வெளிய நிறைய அலைச்சல் இருக்குன்னார்.

மாப்பிள்ளை: ரிட்டயரான மனுஷன். அப்படி எங்கதான் தெருத்தெருவா சுத்தறாரோ.

மகள்: விடுங்க. ஒரு தடவை ஒத்திகை பார்த்துடுவோம். நான்தான் அப்பா. ம்ம்... ‘என்ன மாப்பிள்ளை, காது விறைப்பா நின்னுச்சே, இப்ப ஏன் தொங்குது?’

மாப்பிள்ளை: முடி வெயிட், மாமா.

மகள்: சிரிக்காதீங்க! அப்பா சொன்ன கணக்குதான் இது. கொண்டாந்து விட்டப்ப, ‘முடியெல்லாம் கொட்டி காது லேசாயிடுச்சு, அதான் நிக்குது’ன்னார்ல? இப்ப முடி வந்துடுச்சு. தொங்குது.

மாப்பிள்ளை: ‘நெத்தியில வெள்ளைத் தீற்றல் எப்படி வந்துச்சு?’ன்னு கேட்டா?

மகள்: அதுவும் கொட்டிடுச்சுன்னு அவர்தான் சொன்னார். மறுபடி முளைச்சிடுச்சு. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை: வால்?

மகள்: வாலுக்கு என்ன?

மாப்பிள்ளை: ஒரு சாண் நீளம் ஜாஸ்தி.

மகள்: ...மீன் எண்ணெய்னு சொல்லுங்க.

மாப்பிள்ளை: மீன் எண்ணெய்ல வால் வளருமா?

மகள்: அப்பாவுக்குத் தெரியவா போகுது? ஐயோ, அந்தச் செருப்பைப் பிடுங்குங்க! அம்மா போன தடவை விட்டுட்டுப் போனது. மறுபடி கவ்விடுச்சு!

மாப்பிள்ளை: குடுக்க மாட்டேங்குது. வந்த அன்னைக்கே ஷூ ரேக்கைக் குடைஞ்சு அதைத்தானே எடுத்துச்சு? அதைத் தலைக்கு வெச்சாத்தான் தூக்கமே வருது.

மகள்: தெருவுல கிடந்தது, பாவம். தோல் வாசனை பிடிச்சிருக்கும்.

மாப்பிள்ளை: எனக்கு இதை அனுப்பவே மனசு வரலைடி. முதல்ல இருந்தது... சரி சரி, முறைக்காதே. கம்பளி! கம்பளிதான்!

மகள்: பெல் அடிக்குது! அதை உள் ரூம்ல விட்டுக் கதவைச் சாத்துங்க. நான் சொன்னதும் திறந்தா போதும். ...வாங்கப்பா! வாங்க! வெயிலா வெளிய?

அப்பா: ம்... ஒரு டம்ளர் தண்ணி குடும்மா. அது... இருக்கா?

மகள்: எதுப்பா?

அப்பா: கம்பளிதான். வேற எது.

மகள்: இருக்கான்பா! எங்க போவான்? முடி நல்லா அடர்த்தியா...

அப்பா: நல்லா வந்துடுச்சா?

மாப்பிள்ளை: முடி வெயிட், மாமா!

அப்பா: நான் ஒண்ணும் கேக்கலையே, மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: இல்ல... காதுக்குச் சொன்னேன்.

அப்பா: யார் காதுக்கு?

மகள்: அவருக்கு ராத்திரி தூக்கம் சரியில்லப்பா. நீங்க உட்காருங்க. ஏங்க, கதவைத் திறங்க.

மாப்பிள்ளை: திறக்கறேன்... ஏய்! மெதுவா! என்னை இடிச்சுட்டு... மாமா, பிடிச்சுக்குங்க!

மகள்: அப்பா, கண்ணாடி! கண்ணாடி போச்சு! முகத்தை நக்காதே, இறங்கு! ஐயோ, இது இப்படி யார் மேலயும் பாஞ்சதே இல்லப்பா...

மாப்பிள்ளை: செருப்பைக் கொண்டாந்து அவர் மடியில போடுது பாரு.

மகள்: அப்பா? ஏம்ப்பா தரையில உட்கார்ந்துட்டீங்க? அப்பா... அழறீங்களா?

அப்பா: இந்த நெத்தி... இந்தத் தீற்றல்...

மகள்: கண்டுபிடிச்சுட்டீங்களா? மன்னிச்சுடுங்கப்பா. இது கம்பளி இல்ல. அது ஓடிப் போச்சு. எங்க தேடியும் கிடைக்கல. அம்மாகிட்ட நீங்க என்ன சொல்லுவீங்கன்னு நினைச்சாலே எனக்கு...

அப்பா: இது எங்க கிடைச்சுது?

மாப்பிள்ளை: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, பேக்கரி ஓரமா. முடியெல்லாம் ஒரே சிக்கு. பாதி கொட்டி, தோல் தோலா இருந்துச்சு. நெத்தித் தீற்றலைப் பார்த்தோம். இது ஒண்ணு போதும், மிச்சத்தை வளர்த்துக்கலாம்னு தூக்கிட்டு வந்துட்டோம், மாமா.

அப்பா: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடியா... அங்க மட்டும்தான் நான் தேடலை.

மகள்: நீங்க எதைத் தேடினீங்க?

அப்பா: உங்கம்மா ஊருக்குக் கிளம்பின மறுநாளே என் கையை விட்டு ஓடிட்டான். இவன்தான். இதுதாண்டி கம்பளி.

மகள்: அப்ப... நீங்க கொண்டாந்து விட்டது?

மாப்பிள்ளை: காது லேசாயிடுச்சுன்னீங்களே, மாமா! போட்டோல மட்டும் பார்த்த நாங்க நம்பிட்டோம்!

அப்பா: அது எங்க தெரு லாண்டரிக்காரர் நாய், மாப்பிள்ளை. உங்கத்தை போன்ல கேட்டா நீங்க ‘இருக்கான்’னு சொல்லணுமேன்னு இரவல் வாங்கினேன். உங்க வீட்லேருந்து ஓடின அன்னைக்கே அவர் கடைக்குப் போய்ப் படுத்துடுச்சு. அதுக்கப்புறமும் நீங்க ரெண்டு பேரும் போன்ல ‘கம்பளிக்கு முடி நல்லா வளருது, நல்லா வளருது’ன்னு சொல்லிட்டே இருந்தீங்களா... எந்த நாய்க்கு வளருதுன்னு பார்க்கத்தான் பஸ் ஏறி வந்தேன்.