வேலியோரத்துச் சங்கு

திருகுகள்ளிக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், ஐயா. கொப்பை ஒடித்து, பால் காயும்வரை நிழலில் போட்டுவைத்துப் பிறகு ஊன்றினால் போதும். கரிசல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் குழியில் கொஞ்சம் சரளை போட வேண்டும். எங்கள் வீட்டு வேலி முழுக்க நான் ஊன்றியது. ஆடு வாய் வைக்காது.

தம்பி பாக்கியசாமியையும் நான்தான் வளர்த்தேன். அவனைப் பெற்றதோடு அம்மா போய்விட்டாள். எனக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் அவனுக்காகவே வேண்டாம் என்றேன். அதில் வருத்தமில்லை. அலுப்புதான் உண்டு.

எண்பத்திரண்டில் அவனுக்குக் கடம்பூரில் பெண் அமைந்தது. கல்யாணம் முடிந்ததும் மாமனார் கடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னான். என்னிடம் கேட்கவில்லை, சொன்னான். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், "எக்கா, போறதுக்கு முன்ன வேலியக் கழிச்சு விட்டுட்டுப் போறேன். பொறவு நீ ஒத்தையில கெடந்து அல்லாட வேண்டாம்" என்று அரிவாளை எடுத்தான். பால் தெறித்துவிட்டது. வலது கண்ணில் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் கள்ளிப்பால் கண்ணில் பட்டால் தாய்ப்பால் விடுவார்கள். எனக்கும் ஒருமுறை பட்டு, அப்படித்தான் ஆறியது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் மேரிராணி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, குழந்தையில் அவனுக்குப் பால் புகட்டிய சங்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேலிவரைக்கும் போனேன். வெட்டிப் போட்ட கொப்புகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் நடக்க முடியவில்லை. அவ்வளவு அலுப்பு. சங்கை அங்கேயே பிடித்தேன்.

"கண்ண நல்லா முழிலே. மத்தக் கண்ணுலயும் விடுதேன், பரவாம இருக்கும்" என்றேன். அவனே இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"எரியுதுக்கா."

"எரிஞ்சாத்தான் ஆறும்."

ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் கூட்டிப்போனேன். கடம்பூர்க்காரர்கள் ஒருமுறை வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை. அன்றிலிருந்து நான் பிசைந்து கொடுத்த சோற்றைத்தான் சாப்பிட்டான். நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வாரம் மேரிராணியின் அந்தப் பிள்ளை, இப்போது நாலு வயது, எங்கள் வாசலுக்கு விளையாட வந்திருக்கிறது. தேடி வந்தவளிடம், "அன்னைக்குப் பால் குடுத்தியேம்மா, நீ நல்லாருக்கணும்" என்று சொல்லியிருக்கிறான்.

"எந்தப் பாலு அண்ணாச்சி? எங்கிட்ட யாரும் வந்து கேக்கலையே" என்றாளாம்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் விட்டேன். தெரிந்துதான் விட்டேன். ஆனால் அவனே கம்பை ஊன்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, பஸ் ஏறி, இந்த ஸ்டேஷனுக்கு வந்து சொன்னான் என்கிறீர்களே, அதை மட்டும் எழுதாதீர்கள். நான் இல்லாமல் அவன் எங்கேயும் போகிறவனில்லை, ஐயா.